பட்டன் போனுக்கு நெட் வழியாகக் கால் பண்ண இப்போது என்ன வழி?

மன்னார்குடிக்காரன்:
வணக்கம் நண்பர்களே. நான் இருப்பது இங்கிலாந்தில், ரெடிங் பக்கம். அம்மா மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கிறார். கையில் ஒரு பட்டன் போன், கூடத்தில் பழைய லேண்ட்லைன். ஸ்மார்ட்போன் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அந்தப் பேச்சை இங்கே எடுக்க வேண்டாம் (எடுப்பீர்கள், தெரியும்). இத்தனை காலம் ஸ்கைப்பில் காசு போட்டு நேராக அவர் நம்பருக்கே அடித்துக்கொண்டிருந்தேன். 2025 மே 5-ஆம் தேதி அதை மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் ஒரு ஆப், பெயர் வேண்டாம், விலை மலிவாக இருக்கிறதே என்று இறக்கினேன். கால் போகிறது. ஆனால் அம்மாவுக்கு ஒவ்வொரு தடவையும் வேறு நம்பர் காட்டுகிறது, ஒரு நாள் எங்கோ வடநாட்டு மொபைல் நம்பர், இன்னொரு நாள் நம்பரே இல்லை. பேங்கிலிருந்து பேசுகிறோம் என்று ஏமாற்றுகிறவர்களைப் பற்றி டிவியில் பார்த்துப் பார்த்து, தெரியாத நம்பரை அவர் எடுப்பதே இல்லை. எடுத்தாலும் நான் சொல்வது தாமதமாகப் போய், இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீ சொல்லுப்பா", "இல்ல, நீங்க சொல்லுங்கம்மா" என்றே பாதி நேரம் போய்விடுகிறது.

ஏன் இப்படி நம்பர் மாறுகிறது? ஒரே நம்பர் காட்டுகிற மாதிரி, கொஞ்சம் தெளிவாகக் கேட்கிற மாதிரி வழி இருக்கிறதா? கொஞ்சம் காசு கொடுக்கவும் தயார்.

சும்மா_சுரேஷ்:
மன்னிச்சிடுங்க ப்ரோ, எடுக்கத்தான் போகிறேன். ஒரு சாதாரண ஸ்மார்ட்போன் வாங்கி வாட்ஸ்அப் போட்டுக் கொடுங்கள், பிரச்சினை முடிந்தது. பச்சை பட்டனை இழுக்கக் கற்றுக்கொள்ள ஒரு நாள் போதும். வீடியோவில் முகம் பார்த்தால் அவரே அப்புறம் விடமாட்டார்.

தேன்மொழி_கோவை:
சுரேஷ், அவர்தான் வேண்டாம் என்கிறாரே. என் மாமியாருக்கு இதே மாதிரி எல்லாரும் சேர்ந்து டச் போன் வாங்கிக் கொடுத்தோம். கண் சரியாகத் தெரியாது, விரல் காய்ந்து போயிருப்பதால் தொட்டால் பாதி நேரம் ஏற்காது, கால் வரும்போது பதற்றத்தில் சிவப்பை இழுத்துவிடுவார். கடைசியில் அது பீரோவில் இருக்கிறது, பழைய போன்தான் இடுப்பில். வயதானவர்களுக்கு மணி அடித்தால் எடுக்க வேண்டும், காதில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைகளின் வசதிக்காக அவர்கள் எதற்குப் புதிதாகப் பரீட்சை எழுத வேண்டும்?

சும்மா_சுரேஷ்:
அக்கா, திட்டாதீங்க. சரி, விட்டுவிட்டேன்.

எக்ஸ்சேஞ்ச்_தாத்தா:
மன்னார்குடி தம்பிக்கு, நான் டெலிபோன்ஸ் டிபார்ட்மென்ட்டிலிருந்து ஓய்வு பெற்றவன், நம்பர் ஏன் மாறுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து வருகிற கால் இந்தியாவில் யாருடைய போனில் போய் முடிகிறதோ, அந்தக் கம்பெனிக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் கொடுக்க வேண்டும். 2018 பிப்ரவரியிலிருந்து அது 30 பைசா. 2020 மே முதல் 35-லிருந்து 65 பைசாவுக்குள் அவர்களே பேசி வைத்துக்கொள்ளலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் மாற்றியது. உள்நாட்டுக் காலுக்கு இதே மாதிரியான கட்டணம் 14 பைசா, 6 பைசா என்று குறைந்து, 2021 ஜனவரி 1 முதல் சுத்தமாகப் பூஜ்யம். இப்போது யோசியுங்கள். அதே கால் வாசல் வழியாக வந்தால் 35 பைசாவுக்கு மேல், ஜன்னல் வழியாக உள்ளூர்க் கால் மாதிரி நுழைந்தால் ஒன்றுமே இல்லை. ஜன்னலுக்கு ஆள் இல்லாமல் இருக்குமா?

அதற்குத்தான் சிம் பாக்ஸ். ஒரு வாடகை அறையில் வரிசையாகச் சிம் செருகிய பெட்டி இருக்கும். உங்கள் குரல் நெட்டில் அந்தப் பெட்டி வரைக்கும் வரும், அங்கிருந்து ஏதோ ஒரு சிம்மிலிருந்து உள்ளூர்க் கால் மாதிரி அம்மாவுக்குப் போகும். எந்தச் சிம் காலியாக இருக்கிறதோ அதன் நம்பர்தான் அம்மாவின் திரையில் தெரியும். இது சட்டவிரோதம், போலீஸ் பிடித்த செய்திகள் அடிக்கடி வரும். சிம் எல்லாம் வேறு யார் யார் பெயரிலோ வாங்கியதாக இருக்கும். உங்கள் ஆப் கம்பெனிக்கே இது தெரியாமல் இருக்கலாம், அவர்கள் மலிவாக விற்கிறவனிடம் மொத்தமாக நிமிடங்களை வாங்குகிறார்கள், அவன் இன்னொருவனிடம் வாங்குகிறான், யாரும் கேள்வி கேட்பதில்லை.

இன்னொரு வகையும் உண்டு. வெளிநாட்டுக் காலின் மேல் பொய்யாக +91 நம்பரை ஒட்டி அனுப்புவது. இதைத் தடுக்க 2024 அக்டோபரில் மத்திய அரசு ஒரு தடுப்பு முறையைக் கொண்டு வந்தது, முதல் 24 மணி நேரத்திலேயே சுமார் 1.35 கோடி கால்களை நிறுத்தியதாக அரசே அறிவித்தது. அம்மா எடுக்காமல் இருப்பது நூற்றுக்கு நூறு சரி. அவரைக் குறை சொல்லாதீர்கள்.

மன்னார்குடிக்காரன்:
ஐயா, மிக்க நன்றி. அப்படியானால் நான் என் அம்மாவிடம் பேசியதெல்லாம் யாரோ ஒரு திருட்டுச் சிம் வழியாகவா? கேட்கவே ஒரு மாதிரியாக இருக்கிறது.

பாக்கெட்_பாண்டி:
தாமதத்துக்கும் அதேதான் காரணமாக இருக்கும். நான் வேலை பார்ப்பது நெட்வொர்க்கில், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குரலை 20 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றையும் தனித்தனிப் பாக்கெட்டாக அனுப்புகிறார்கள், நொடிக்கு 50 பாக்கெட். பழைய டெலிபோன் தரமான ஜி.711-இல் ஒரு துண்டில் 160 பைட் குரல், அதன் மேல் முகவரி விவரம் 40 பைட். ஆக நொடிக்கு 80 கிலோபிட். மலிவு வழிக்காரர்கள் இவ்வளவு செலவழிக்க மாட்டார்கள், ஜி.729 மாதிரி அழுத்திய முறையில் குரலை 20 பைட்டாகச் சுருக்கிவிடுவார்கள். அப்போதும் முகவரி 40 பைட்தான், கடிதத்தைவிட உறை இரண்டு மடங்கு கனம். சிம் பாக்ஸில் இதை மறுபடி பிரித்து, மொபைலுக்கு ஏற்ற வேறு முறையில் மறுபடி அழுத்துகிறார்கள். இரண்டு தடவை அழுத்திய குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரிதான் கேட்கும்.

இனி தாமதம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். இங்கிலாந்திலிருந்து தமிழ்நாட்டுக்குக் கடலடிக் கேபிளின் வளைவு நெளிவோடு பத்தாயிரம் கி.மீ. என்று வைத்தாலும் 50 மில்லிநொடி ஆகிவிடும், அதில் யாரும் கை வைக்க முடியாது. ஒரு பக்கம் 150 மில்லிநொடி வரை பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைத் தாண்டினால்தான் நீங்கள் சொன்ன "நீ சொல்லுப்பா" கதை. பாக்கெட்டுகள் முன்னே பின்னே வந்து சேர்வதால் அந்தப் பக்கம் கொஞ்சம் தேக்கி வைத்துத்தான் வாசிப்பார்கள், அதற்கும் சில பத்து மில்லிநொடி. திருட்டு வழியில் நடுவில் நாலு நாட்டு சர்வர் சுற்றினால் முடிந்தது.

உங்கள் வீட்டுப் பக்கமும் ஒரு தடவை பாருங்கள். போன் படங்களை கிளவுடில் ஏற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் கால் பண்ணினால் ரவுட்டரில் வரிசை கட்டிக் குரல் பின்னால் நிற்கும். ஸ்பீடு டெஸ்டில் 100 எம்.பி. வருகிறதே என்பார்கள், காலுக்குத் தேவை வேகம் இல்லை, காத்திருக்காமல் போவதுதான்.

பாலைவன_ஒட்டகம்:
பாண்டி அண்ணே, எங்களுக்கு 80 கிலோபிட்டெல்லாம் அப்புறம். துபாயில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம், கால் பட்டனை அமுக்கினால் மட்டும் ஒன்றும் நடக்காது. அனுமதி பெற்ற போட்டிம் மாதிரி ஆப்கள்தான், அதற்கும் பல வருஷம் தனியாக மாதப் பேக்கேஜ் போட வேண்டியிருந்தது. ஊரில் இருக்கும் அம்மா, தங்கச்சி, மச்சான் எல்லாரும் நமக்காக அதே ஆப்பை இறக்க வேண்டும். கொரோனா வந்த 2020-இல் ஸூம், டீம்ஸ் மாதிரி சிலவற்றைத் திறந்துவிட்டார்கள், அது ஆபீஸ்காரர்களுக்கு உதவியது. தொழிலாளர் கேம்பில் இருக்கிறவன் ஊரில் இருக்கிற பெண்டாட்டிக்கு ஸூம் மீட்டிங் லிங்க் அனுப்பிப் பேசினான், அதையும் பார்த்தேன்.

கோபக்கார_குமார்:
விபிஎன், அதான் நெட்டில் நம் முகவரியை மாற்றி வேறு நாட்டில் இருக்கிற மாதிரி காட்டுகிற ஆப், அதைப் போட்டால் வேலை முடிந்ததே?

பாலைவன_ஒட்டகம்:
தம்பி, தயவுசெய்து இதை இங்கே யோசனையாகச் சொல்லாதீர்கள். குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ அந்த மாதிரி முகவரியை மாற்றினால் அபராதம் 5 லட்சம் திர்ஹாமிலிருந்து 20 லட்சம் திர்ஹாம் வரை என்று அமீரகச் சட்டம் சொல்கிறது. பலரும் போடுகிறார்கள், எனக்கும் தெரியும். ஆனால் ஆயிரத்தைந்நூறு திர்ஹாம் சம்பளக்காரனுக்கு அந்த ரிஸ்க்கை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள்.

கோபக்கார_குமார்:
சரி சரி. ஆனால் இது பச்சையான கொள்ளை இல்லையா? டெலிகாம் கம்பெனி வருமானத்துக்காக ஜனங்களின் வாயை அடைப்பது. சவுதியே 2017 செப்டம்பரில் விதிகளை ஏற்கும் ஆப்களுக்குத் திறந்துவிட்டது. நம்ம ஊரில் இப்படி நடந்திருந்தால் விட்டிருப்போமா?

எக்ஸ்சேஞ்ச்_தாத்தா:
விட்டிருந்தோம், குமார். நம்ம ஊரில் நெட் வழிப் பேச்சுக்கு 2002 ஏப்ரல் 1-இல்தான் அனுமதியே வந்தது, அதே நாளில்தான் வெளிநாட்டுக் காலில் விஎஸ்என்எல் என்ற கம்பெனியின் தனியுரிமையும் முடிந்தது. அந்த அனுமதியிலும் கம்ப்யூட்டரிலிருந்து அமெரிக்காவில் இருக்கிற போனுக்கு அடிக்கலாம், அடுத்த தெரு போனுக்கு அடிக்கக் கூடாது! ஸ்கைப் 2014 நவம்பரில் இந்தியாவுக்குள் போன்களுக்கு அழைக்கும் வசதியை நிறுத்திக்கொண்டது. உள்நாட்டில் நெட்டிலிருந்து நம்பருக்கு அழைக்க லைசென்ஸ் உள்ளவர்களுக்கு வழி பிறந்தது 2018-இல்தான், அந்த வருஷம் ஜூலையில் பிஎஸ்என்எல் 'விங்ஸ்' கொண்டு வந்தது, வருடத்துக்கு 1,099 ரூபாய்.

அதற்கு முன் 2014 டிசம்பரில் ஏர்டெல் நெட் கால்களுக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்ததையும் மறந்திருப்பீர்கள். எதிர்ப்பு வந்து சில நாட்களில் பின்வாங்கியது. அடுத்த வருஷம் டிராய் கருத்துக் கேட்டபோது பத்து லட்சம் பேருக்கு மேல் மின்னஞ்சல் அனுப்பினார்கள். அந்தக் கூட்டம் இல்லாவிட்டால் இன்று நீங்களும் வாட்ஸ்அப் காலுக்குப் பேக்கேஜ் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

கோபக்கார_குமார்:
அந்த மெயில் அனுப்பியவர்களில் நானும் ஒருவன், ஐயா :) ஆனால் ஒன்று. லைசென்ஸ் ஃபீ, டவர் செலவு, போலீஸ் கேட்டால் விவரம் தருவது எல்லாம் டெலிபோன் கம்பெனிக்கு, ஆப்காரனுக்கு ஒன்றும் இல்லை என்று அவர்கள் புலம்புவதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறதே? நிஜப் போன் கால் வேறு, நெட் கால் வேறு, ஒன்று கட்டணம் கொடுக்கிறது, இன்னொன்று ஓசியில் ஏறிக்கொள்கிறது.

எக்ஸ்சேஞ்ச்_தாத்தா:
நிஜப் போன் கால் என்று இப்போது எதைச் சொல்கிறீர்கள்? ஜியோ 2016 செப்டம்பரில் வந்தபோதே அதன் குரல் எல்லாம் வோல்ட்டி, அதாவது பாக்கெட்தான். ஒவ்வொரு காலுக்கும் தனி வழி ஒதுக்குகிற பழைய சர்க்யூட் முறை அவர்களிடம் இருந்ததே கிடையாது. வீட்டுக்கு ஃபைபர் இழுத்திருந்தால் அந்தப் பெட்டியில் செருகியிருக்கும் லேண்ட்லைனும் நெட் போன்தான். மன்னார்குடி தம்பி இருக்கிற இங்கிலாந்தில் பழைய டெலிபோன் வலையையே 2027 ஜனவரியோடு மூடப்போகிறார்கள். உள்ளே ஓடுவது எல்லா இடத்திலும் பாக்கெட். மிச்சம் இருக்கும் வித்தியாசம் நம்பர் ஒன்றுதான். பத்து இலக்க நம்பரைத் தொட்டால் லைசென்ஸ், கட்டணம், விதி எல்லாம் வரும். தொடாமல் ஆப்பிலிருந்து ஆப்புக்குப் போனால் டேட்டா செலவோடு சரி. தம்பி காசு கொடுப்பது குரலைக் கடல் தாண்ட வைக்க இல்லை. அது கிட்டத்தட்ட இலவசம். அம்மாவின் நம்பருக்குள் நுழையத்தான் கொடுக்கிறார்.

வல்வெட்டி_பொடியன்:
தாத்தா சொன்னது எங்கட ஆக்களுக்கு நல்லாவே விளங்கும். ஈஸ்ட் ஹாமில் ஒவ்வொரு தமிழ்க் கடையிலும் முன்னர் காலிங் கார்ட் தோரணம் மாதிரித் தொங்கும். 5 பவுண்ட் கார்டில் இலங்கைக்கு இத்தனை நிமிடம் என்று பெரிசாகப் போட்டிருக்கும், எடுத்தவுடன் இணைப்புக் கட்டணம் ஒன்று வெட்டும், மிச்சத்தை அடுத்த நாள் பார்த்தால் தேய்ந்திருக்கும். அதுவும் இந்த மொத்த நிமிட வியாபாரம்தான். அதற்கும் முந்தி, சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு லைனே இல்லை. அம்மா கொழும்பு வந்து லொட்ஜில் நின்று, ஒரு கொமினிகேசனில், அதாவது காசு கட்டிக் கோல் எடுக்கிற கடையில், காத்திருந்து கதைத்துவிட்டுப் போவார்.

இப்ப ஊரில் எல்லாரும் வைபர், கல்ஃப்பில் இருக்கிற ஆக்கள் இமோ. நெட் குறைந்த இடத்திலும் இமோ இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்வார்கள். மன்னார்குடி அண்ணை, வைபரிலிருந்து சாதாரண நம்பருக்கும் காசு கட்டி எடுக்கலாம், அதைப் பார்த்தீர்களா?

மன்னார்குடிக்காரன்:
பார்க்கவில்லை, பார்க்கிறேன். ஆனால் அதிலும் நம்பர் மாறினால் அதே கதைதானே. எனக்கு முக்கியம் அந்த நம்பர்தான்.

பாக்கெட்_பாண்டி:
அப்படியானால் இரண்டு வழி.

முதல் வழி, உங்கள் ஊரில் முறையான லைசென்ஸ் உள்ள வாய்ப் (நெட் வழிப் பேச்சு) சர்வீஸ் ஒன்றில் கணக்குத் திறந்து, உங்கள் +44 மொபைல் நம்பரை ஓடிபி மூலம் உறுதி செய்து அதையே அழைப்பவர் நம்பராக வைப்பது. நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அம்மாவின் போனில் அந்த நம்பரை யாரையாவது விட்டு உங்கள் பெயரில் சேமிக்கச் சொல்லுங்கள். ஆனால் எந்த சர்வீஸாக இருந்தாலும் முதலில் சின்னத் தொகை மட்டும் போட்டு, ஊரில் உள்ள ஒரு நண்பருக்கு அடித்து என்ன நம்பர் காட்டுகிறது என்று கேளுங்கள். +44 போட்டு அனுப்பியும் அங்கே ஏதோ இந்திய மொபைல் நம்பர் தெரிந்தால் அதுவும் ஜன்னல் கேஸ்தான், விட்டுவிடுங்கள்.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது. உங்களிடம் பழைய இந்தியச் சிம் உயிரோடு இருக்கிறதா?

மன்னார்குடிக்காரன்:
இருக்கிறது, பேங்க் ஓடிபி வருவதற்காக ரீசார்ஜ் பண்ணி வைத்திருக்கிறேன். போனில் இரண்டாவது சிம்மாகக் கிடக்கிறது.

பாக்கெட்_பாண்டி:
பிரமாதம். அதில் வைஃபை காலிங் இருக்கிறதா என்று பாருங்கள். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைக் கொண்டு வந்தன. டவருக்குப் பதிலாக உங்கள் வீட்டு வைஃபையிலிருந்து பூட்டிய சுரங்கம் மாதிரி ஒரு இணைப்பு இந்தியாவில் இருக்கும் கம்பெனியின் மையத்துக்கே போகும். கம்பெனியைப் பொறுத்தவரை நீங்கள் இந்தியாவில் நுழைந்துவிட்ட மாதிரி. அம்மாவுக்கு உங்கள் பழைய நம்பரே தெரியும், தாத்தா சொன்ன பொய் நம்பர் தடுப்பிலும் மாட்டாது, ஏனென்றால் அது பொய் நம்பர் இல்லை.

இரண்டு எச்சரிக்கை. வெளிநாட்டு வைஃபையிலிருந்து அனுமதி உண்டா, நிமிடத்துக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி, பிளானுக்குப் பிளான் மாறும், கஸ்டமர் கேரில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்புறம், வைஃபை போய்விட்டால் சிம் பேசாமல் இங்கிலாந்து டவரைப் பிடித்துக்கொண்டு ரோமிங் கட்டணம் எகிறும். அந்தச் சிம்முக்கு ரோமிங்கை நிறுத்திவிடுங்கள், அல்லது ஏரோபிளேன் மோடில் வைஃபையை மட்டும் போட்டுக்கொண்டு பேசுங்கள்.

தேன்மொழி_கோவை:
பாண்டி, காது மந்தமானவர்களுக்கு இதில் வித்தியாசம் இருக்குமா? என் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் நான் பேசினால் புரிகிறது, லேண்ட்லைனில் பேசினால் "ஆங்? ஆங்?" என்கிறார். நாங்கள் சும்மா சாக்கு என்று நினைத்தோம்.

பாக்கெட்_பாண்டி:
சாக்கு இல்லை, அக்கா. பழைய டெலிபோன் 300 ஹெர்ட்ஸிலிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். 'ஸ', 'ஃப' மாதிரியான ஒலிகளின் அடையாளம் அதற்கும் மேலே இருக்கிறது, அது அங்கேயே வெட்டுப்பட்டுவிடும். ஆப்களில் அந்த மேல் ஒலிகளையும் கடத்துகிற ஓபஸ் மாதிரி அகலமான முறை இருப்பதால் எழுத்து பிரிந்து கேட்கும். இரண்டு பக்கமும் 4ஜி வோல்ட்டி போனாக இருந்தாலும் பெரும்பாலும் இந்த அகலம் கிடைக்கும். மன்னார்குடி சகோ, அம்மாவின் பட்டன் போன் 2ஜியா 4ஜியா? 4ஜி பட்டன் போனும் கடையில் கிடைக்கிறது, உருவம் அதேதான், அவருக்கு வித்தியாசம் தெரியாது, காதுக்கு மட்டும் தெரியும்.

எக்ஸ்சேஞ்ச்_தாத்தா:
நல்ல யோசனை. கூடவே ஒன்று. அந்தக் கூடத்து லேண்ட்லைன் இன்னும் செம்புக் கம்பியா, ஃபைபரா என்று கேளுங்கள். செம்புக் கம்பிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும், வீட்டில் கரண்ட் போனாலும் மணி அடிக்கும். ஃபைபர் பெட்டிக்கு வீட்டுக் கரண்ட் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது உங்கள் பக்கம் எத்தனை கிராமத்தில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை என்று ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, டவரும் டீசல் இருந்த வரைக்கும்தான். ஃபைபராக இருந்தால் பெட்டிக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வையுங்கள்.

மன்னார்குடிக்காரன்:
பக்கத்து வீட்டு அண்ணனிடம் கேட்டேன். போன வருஷம் ஃபைபர்தான் மாற்றியிருக்கிறார்கள், அம்மாவுக்கே தெரியவில்லை, அதே பழைய போனைத்தான் அதில் செருகிக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்மார்ட்போன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இத்தனை நாள் நெட்டில்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்! யுபிஎஸ் வாங்கச் சொல்லிவிட்டேன்.

இந்தியச் சிம்மில் வைஃபை காலிங் போட்டு இன்று மதியம் அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். எடுத்ததும் "ஊருக்கு எப்ப வந்த, சொல்லவே இல்லையே" என்று ஒரே சத்தம். பழைய நம்பரைப் பார்த்து மீனம்பாக்கத்தில் இறங்கிவிட்டேன் என்று நினைத்துவிட்டார், விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. குரல் சுத்தமாக இருக்கிறது, தாமதம் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் பேசலாம்.

சும்மா_சுரேஷ்:
ஹாஹா. ப்ரோ, இன்னொரு சந்தேகம், எல்லாருக்கும்தான். அம்மாவுக்கு ஏதாவது அவசரம் என்றால் நீங்கள் அங்கிருந்து 108-க்கு அடிக்க முடியுமா?

பாக்கெட்_பாண்டி:
நம்பி இருக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் 108-ஓ 112-ஓ அழைக்கவே முடியாது. வைஃபை காலிங்கில் அவசர நம்பரை அமுக்கினால் போன் முதலில் டவரைத்தான் தேடும், இங்கிலாந்து டவர் கிடைத்தால் இங்கிலாந்து ஆம்புலன்ஸ்தான் பேசும். பக்கத்து வீட்டு அண்ணன் நம்பர், உள்ளூர் டாக்டர் நம்பர், ஊரில் ஆட்டோ வைத்திருக்கிற ஒருவர் நம்பர், இந்த மூன்றையும் இந்தியச் சிம்மில் சேமித்து ஒரு தடவை அடித்துப் பார்த்து வையுங்கள்.

மன்னார்குடிக்காரன்:
ஆட்டோக்காரர் நம்பர் அம்மாவிடம்தான் இருக்கிறது, காலண்டர் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறார். நாளைக்குக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.